காய்ச்சல் கிருமிக்கும் வம்சம் உண்டு

மலேரியா மருந்து ஒரு நாட்டில் கேட்காமல் போகத் தொடங்கினால், சுகாதாரத் துறையினர் முன் வந்து நிற்கும் முதல் கேள்வி இது: மருந்துக்கு அடங்காத இந்தக் கிருமி வெளியிலிருந்து வந்ததா, இங்கேயே முளைத்ததா? வெளியிலிருந்து வந்ததென்றால் வருவோர் போவோரைக் கவனிக்க வேண்டும். இங்கேயே முளைத்ததென்றால் எல்லையில் எத்தனை பேரைச் சோதித்தாலும் போதாது. உள்நாட்டில் மருந்து கொடுக்கும் முறையைத் திருத்தியாக வேண்டும். ஆப்பிரிக்காவில் இந்நோய்க்குப் பெரும்பாலும் பலியாவது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். எனவே விடை தவறினால் வீணாவது பணம் மட்டுமல்ல.

நம் குடும்பங்களில் வியாபாரத்துக்கும் வேலைக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று வருவோர் இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அந்தக் கேள்விக்கு விடை காண ஆய்வாளர்கள் கிருமிகளின் சொந்தபந்தத்தை விசாரிக்கிறார்கள். நிக்காஹ் பேச்சு எடுத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்வதும் அதைத்தானே! மலேரியாவில் மிகக் கொடிய வகை பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். அதற்கு 14 குரோமோசோம்கள். அவற்றில் சுமார் 2 கோடியே 30 லட்சம் மரபெழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. மனித உடலில் இக்கிருமி தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகும். கொசுவின் வயிற்றில்தான் ஆண் பெண் வடிவங்கள் கூடுகின்றன. அப்போது இரு தரப்புக் குரோமோசோம்களும் துண்டு துண்டாக இடம் மாறிக் கலக்கின்றன. பாட்டனார் விட்டுச் சென்ற வயல் பாகம் பிரியப் பிரியச் சிறிதாவதுபோல, ஒரு மூதாதையிடமிருந்து வந்த பகுதியும் கலப்புக்குக் கலப்பு குறுகும். ஆகவே இரண்டு கிருமிகளில் நீண்ட பகுதிகள் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் அவை நெருங்கிய உறவு. உடன்பிறப்புகள் என்றால் ஏறத்தாழப் பாதி ஒன்றாக இருக்கும். சிறு துண்டுகள் மட்டும் பொதுவாக இருந்தால் தூரத்து உறவு.

ஓரிடத்தில் ஓர் எழுத்து ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. நம் ஊரில் அப்துல் காதர்கள் எத்தனை பேர்! எல்லாரும் ஒரே வாப்பாவின் பிள்ளைகளா? அந்த எழுத்தைச் சுற்றியுள்ள நீண்ட பகுதியும் ஒத்திருந்தால்தான் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சொல்லலாம்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு மருந்துகளின் கதை காட்டும். பைரிமெத்தமின் என்ற பழைய மருந்து ஆப்பிரிக்காவில் தோற்றபோது, ஆங்காங்கே கிருமி தானாக மாறியிருக்கும் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் 2004இல் வெளியான ஆய்வில், அந்த எதிர்ப்பு மரபணுவைச் சுற்றியுள்ள பகுதி தென்கிழக்கு ஆசியக் கிருமிகளில் உள்ளதோடு ஒத்திருந்தது. எதிர்ப்பு கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்திருந்தது.

இன்று உலகம் நம்பியிருக்கும் ஆர்ட்டெமிசினின் மருந்துக்கும் முதல் தடுமாற்றம் மேற்குக் கம்போடியாவில்தான் தெரிந்தது. அங்கிருந்து ஒரு வம்சம் வடகிழக்குத் தாய்லாந்து, தெற்கு லாவோஸ், வியட்நாம் என்று பரவியது. இதுவும் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுமோ என்று எல்லாரும் ஆசியாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெல்ச்13 மரபணுவில் 561ஆம் இடத்து மாற்றம் ருவாண்டாவில் காணப்பட்டபோது அந்த அச்சம் நியாயமாகவே பட்டது. அதே மாற்றம் ஏற்கெனவே தென்கிழக்கு ஆசியாவில் இருந்ததுதான். ஆனால் 2020இல் வெளியான ஆய்வு, சுற்றியுள்ள பகுதி ஆசியக் கிருமியுடையது அல்ல என்று காட்டியது. அது ஆப்பிரிக்க வம்சம், அங்கேயே முளைத்தது. பெயர் ஒன்று, வாப்பா வேறு. ஆசியாவிலிருந்து வருவதைத் தடுத்தால் போதும் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

சொந்தபந்தம் இன்னொன்றையும் சொல்லும். ஒருவர் உடலில் ஒரே வகைக் கிருமி இருந்தால், அவரைக் கடித்த கொசுவில் அது தன் இனத்தோடே கூடி, அச்சு அசலாகத் தன்னைப் போன்ற வாரிசுகளையே தரும். நோய் குறைந்த ஊரில் இதுவே வழக்கம். நோய் மலிந்த ஊரில் பல வகைகள் கலந்துவிடும். செனகல் நாட்டின் தியெஸ் நகரில் மரபெழுத்துகளில் 24 இடங்களை மட்டும் பார்த்தே, கொசுவலையும் நல்ல மருந்தும் பரவலான பின் ஒரே மாதிரிக் கிருமிகள் பெருகியதைக் கண்டார்கள். ஆனாலும் உறவு தெரிந்தது என்பதற்காக இன்னாரிடமிருந்து இன்னாருக்குத் தொற்றியது என்று யார் மேலும் கை நீட்டிவிட முடியாது. அதற்குப் பயண விவரமும் நாளும் வேண்டும்.

அந்த விவரம் நம் கையில் இருக்கிறது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், வந்து சில வாரங்கள் ஆகியிருந்தாலும், எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தார் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஃபால்சிபாரம் சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மீதி மாத்திரையை அலமாரியில் எடுத்து வைக்காமல், கொடுத்த நாள் வரை முழுதும் சாப்பிடச் சொல்லுங்கள்.