வாசல் துளசியும் கொல்லைச் செராயும்: பிள்ளைகளோடு பானம் தயாரிப்போம்

பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் முதலில் திறப்பது ஐஸ் பெட்டியைத்தான். கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் டின் பானம் அல்லது சீனி கலந்த பாக்கெட் பானம். அதே வீட்டின் வாசலில் துளசியும், கொல்லையில் செராயும், பண்டான் இலையும் செழித்து நிற்கும். அவற்றைக் கொண்டு வாரம் ஒரு மாலை குடும்பமாகப் பானம் தயாரிப்பது செலவில்லாத பொழுதுபோக்கு, உடல்நலத்துக்கும் நல்லது.

இது நம் சமூகத்துக்கு மிக அவசியம். மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே இந்நோய் அதிகம் காணப்பட்டது. சீனி கலந்த பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் வரி விதித்ததற்கு நீரிழிவும் ஒரு காரணம். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி உள்ள பானத்தை 320 மில்லிலிட்டர் குடித்தால், ஆறு தேக்கரண்டிக்கு மேல் சீனி உடலுக்குள் போகிறது.

எளிதாகச் செய்யக்கூடிய நான்கு பானங்கள்

செராய் - இஞ்சி நீர்: மூன்று செராய்த் தண்டுகளின் வெள்ளைப் பகுதியை நசுக்கி, ஒரு துண்டு இஞ்சி, முடிச்சிட்ட இரண்டு பண்டான் இலைகளுடன் ஒரு லிட்டர் நீரில் 10 நிமிடம் கொதிக்க விடவும். வடிகட்டிச் சூடாகவோ குளிர வைத்தோ குடிக்கலாம். பண்டான் மணம் இருப்பதால் சீனி குறைவது அவ்வளவாகத் தெரியாது.

சங்குப்பூ பானம்: மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்று அழைக்கும் இப்பூவை நாசி கெராபுவுக்கு நிறமேற்றப் பயன்படுத்துவர். பச்சைக் காம்பை நீக்கிய எட்டுப் பத்துப் பூக்களைச் சுடுநீரில் போட்டால் நீர் நீலமாகும். அதில் லிமாவ் கஸ்தூரி சாற்றைப் பிழிந்ததும் ஊதாவாக மாறும். பூவின் நிறமி புளிப்புடன் சேரும்போது நிறம் மாறுவதே இதற்குக் காரணம். பிள்ளைகளுக்கு இது வீட்டிலேயே ஓர் அறிவியல் பாடம்.

துளசி - கற்பூரவள்ளி நீர்: மழைக்காலத்தில் சளி பிடித்தால் பாட்டிமார் கொடுப்பது. நான்கைந்து கற்பூரவள்ளி இலைகளையும் ஒரு கைப்பிடி துளசியையும் இரண்டு குவளை நீரில் போட்டு, ஒரு குவளையாக வற்றும்வரை காய்ச்ச வேண்டும்.

நீர்மோர்: ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு நீர், நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, மல்லித்தழை, சிறிது உப்பு. வெயில் நேரத்துக்கு ஏற்றது, சீனியே தேவையில்லை.

ஆளுக்கொரு வேலை

சிறு பிள்ளைகள் இலை பறித்துக் கழுவலாம், பூக்களை எண்ணலாம். பெரிய பிள்ளைகள் நசுக்கலாம், அளக்கலாம். அடுப்பும் கொதிநீரும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். எந்த இலை எதற்கு என்று சொல்லித்தரும் பொறுப்பைத் தாத்தா பாட்டியிடம் விடலாம். லயன் வீடுகளில் வாசலுக்கு வாசல் இருந்த இந்த அறிவு, குடும்பங்கள் அடுக்குமாடிக்கு மாறியதும் பல வீடுகளில் பேரப்பிள்ளைகள்வரை வந்து சேரவில்லை. பெயரும் மணமும் தெரியாத செடியைப் பிள்ளை களை என்றுதான் நினைக்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மாடத்தில் இரண்டு தொட்டிகள் போதும். சந்தையில் வாங்கிய செராய்த் தண்டை நீரில் நிறுத்தினாலே வேர்விடும். கற்பூரவள்ளி ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். தொட்டித் தட்டிலும் குவளையிலும் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். அடிக்கடி மாற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

களைக்கொல்லி தெளிக்கும் தோட்ட ஓரங்களிலும் சாலையோரங்களிலும் இலை பறிக்கக் கூடாது. அடையாளம் உறுதியாகத் தெரியாத செடியைத் தொட வேண்டாம். தேன், பனங்கற்கண்டு, குலா மலாக்கா ஆகியவையும் சர்க்கரையே. அளவு குறைவாகவே இருக்கட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களும் மூலிகை நீரை வழக்கமாக்குமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது. இப்பானங்கள் மருந்துக்கு மாற்று அல்ல.

பிள்ளைகளின் நாக்கு ஒரே நாளில் மாறாது. முதல் வாரம் வழக்கமான சீனியில் பாதி, அடுத்த வாரம் அதிலும் பாதி என்று குறைத்து வந்தால் பழகிவிடும். தானே பறித்து, தானே கலக்கிய பானத்தை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகள் குறைவு.