இரவில் விழித்திருப்போர் எத்தனை பேர்?

பேரணாம்பட்டில் தோல் வாங்க வருகிற வியாபாரி, கட்டின் மேலே கிடக்கும் தோலைத் தடவிப் பார்த்து விலை பேசிவிடுவதில்லை. நடுவிலிருந்து ஒன்றை உருவுவான். புரட்டிச் சதைப்புறத்தைப் பார்ப்பான். கத்திக் காயம் உண்டா, ஓட்டை உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். ஆட்டுத் தோலுக்குச் செய்கிற இந்தப் பரீட்சையை, பெற்ற தாயையோ தகப்பனையோ ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒப்படைக்கும்போது நம்மவர் செய்வதில்லை. கட்டடம் புதிது, தரை சலவைக்கல், வாசலில் தோட்டம், மாதக் கட்டணம் கைக்கு எட்டுகிறது. இவ்வளவோடு விசாரணை முடிந்துபோகிறது.

முதியோரை இல்லத்தில் சேர்ப்பதே தமிழர் பண்புக்கு இழுக்கு என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அவர்களோடு வாதாட நமக்கு அவகாசமில்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியின் நிலைமை என்ன? ஆண்மக்கள் சென்னைப் பெரியமேட்டுக்கும், பெங்களூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டனர். வீட்டிலிருந்து கிழவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவந்த மகளும் மருமகளும் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கின்றனர். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகே திரும்புகின்றனர். குடும்பம் கெட்டுவிட்டதென்று அவர்களைப் பழிப்பது நியாயமன்று. அந்தக் கூலியில்தான் வீட்டு அடுப்பு எரிகிறது. கிழவரைப் பராமரிப்பதும் ஒரு வேலைதான். பெண்கள் அதைச் சம்பளமின்றிச் செய்துவந்ததால் இதுவரை எவர் கணக்கிலும் ஏறவில்லை; இப்போது ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்தவர்கள் 2011 ஜனத்தொகைக் கணக்கில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2021-க்குச் சர்க்காரே போட்ட மதிப்பீட்டில் பதின்மூன்றுக்கும் மேல். இந்த வேலை இனிக் குறையப்போவதில்லை.

ஆகவே, இல்லம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, இருக்கிற இல்லத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதே நம்முன் உள்ள கேள்வி. நமது அளவுகோல் ஒன்றுதான்: இரவு பத்து மணிக்கு மேல் அங்கே எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் தொழில் கற்றவர்கள்?

இது ஏன் என்று சொல்கிறோம். பாரிச வாயுவால் படுத்த படுக்கையான ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் உண்டாகும். சர்க்கரை வியாதியும் சேர்ந்திருந்தால் அந்தப் புண் எளிதில் ஆறாது. முப்பது பேர் உள்ள இல்லமொன்றில் எட்டுப் பேர் படுக்கையில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவரைப் புரட்டி, துணி மாற்றி, துடைத்துவிடப் பத்து நிமிஷம் பிடிக்கும். எட்டுப் பேருக்கு எண்பது நிமிஷம். இரண்டு மணி நேரத்தில் மிச்சம் நாற்பது நிமிஷம். அதற்குள் கழிப்பறைக்குப் போக எழுகிற மற்ற இருபத்திரண்டு பேருக்கும் கை கொடுக்க வேண்டும். தாகம் தெரியாத கிழவருக்குத் தண்ணீர் புகட்ட வேண்டும். மூச்சுத் திணறுகிறவரைக் கவனிக்க வேண்டும். இரவில் ஒரே ஓர் ஆயாதான் இருக்கிறாள் என்றால், அவள் தேவதையாயிருந்தாலும் இது நடவாது. நடவாதபோது என்ன செய்வார்கள்? எழுந்து நடமாடுகிறவரைக் கட்டிலோடு கட்டிவைப்பார்கள், அல்லது தூக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். காலையில் பார்க்க வருகிற மகன், ‘அப்பா அமைதியாக இருக்கிறார்’ என்று திருப்தியோடு திரும்புவான்.

இத்தகைய இடங்களைப் பற்றிய செய்தி நமக்குப் புதிதன்று. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். தீ அவர்களைக் கொன்றது என்பது பாதி உண்மை. ஆளுக்குப் பதிலாகச் சங்கிலியைக் காவல் வைத்திருந்தது மற்றப் பாதி. பிறகு 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் ஜில்லா பாலேசுவரத்து இல்லமொன்றின் வண்டியில் பிணத்தோடு உயிருள்ள முதியோரையும் ஏற்றிச் சென்றதாகப் புகார் எழுந்தது. நிர்வாகத்தார் குற்றச்சாட்டுகளை மறுத்தனர்; அதிகாரிகள் சோதனையிட்டு அங்கிருந்தவர்களை வேறிடங்களுக்கு மாற்றினர். ஒவ்வொரு முறையும் பரபரப்பு, சோதனை, அறிக்கை, அப்புறம் மறதி.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. 2009-இல் தமிழ்நாட்டு விதிகளும் வந்தன. முதியவரைக் கைவிட்டு ஓடுகிறவனுக்கு 24-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தெருவில் விடுகிறவனுக்குச் சரி. கட்டணம் வாங்கிக்கொண்டு நான்கு சுவருக்குள் கைவிடுகிறவனை அப்பிரிவு நேராகக் குறிப்பிடவில்லை. 19-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஜில்லாவுக்கு ஒன்றாவது தொடங்கி, 150 ஏழை முதியோர் தங்கும் இல்லங்களைச் சர்க்கார் ‘அமைக்கலாம்’. அவற்றில் இருக்கவேண்டிய தரங்களை ‘வகுக்கலாம்’. நீதிமன்றத்தில் பழகிய எவருக்கும் ‘லாம்’ என்ற விகுதியின் மகிமை தெரியும். சட்டசபை அதை எழுதிவிட்டுத் தூங்கப்போகலாம், சர்க்காரும் தூங்கலாம்.

வெளிநாடுகளில் இது எப்படி நடக்கிறது? இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் இல்லங்களைச் சோதித்து, நான்கு தரங்களில் ஒன்றைச் சூட்டி, அறிக்கையை யாரும் படிக்கும்படி வெளியிடுகிறது. அமெரிக்காவில் 2008 முதல் ஒவ்வொரு நர்ஸிங் ஹோமுக்கும் நட்சத்திர மதிப்பு போடுகிறார்கள். அதில் நமக்கு முக்கியமானது ஒரு நுணுக்கம். ஆள் எண்ணிக்கையை முதலில் இல்லத்தார் சொன்னபடியே எழுதிக்கொண்டார்கள். 2016 முதல் சம்பளப் பட்டியலையே அனுப்பச் சொன்னார்கள். டேனரியில் வேலை செய்தவனுக்கு மஸ்டர் ரோலின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. அத்தேசத்துச் சர்க்கார் 2024-இல் ஒரு விதியும் செய்தது: ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 3.48 மணி நேரப் பணிவிடை. முப்பது பேருக்குக் கணக்கிட்டால் 104 மணி. எட்டு மணி நேர முறையில் தினம் பதின்மூன்று ஆட்கள். வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுத்தால் பட்டியலில் பதினாறு பேர். இல்லச் சொந்தக்காரர்களின் சங்கங்கள் வழக்காடின. 2025-இல் டெக்ஸாஸில் ஒரு நீதிமன்றம் அவ்விதியை ரத்துச் செய்தது. செல்வத்தில் கொழிக்கும் நாட்டிலேயே ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதென்றால் கை பின்வாங்குகிறது!

நம்மிடம் தொழில் கற்றவர்கள் இல்லையா? இந்தச் சீமையில் அப்படிச் சொல்ல நாக்கூசும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய சிகிச்சை நிலையம் வளர்ந்து, 1909-இல் நர்ஸுகளுக்குப் பள்ளி கண்டது. 1946-இல் பட்டப் படிப்பே அங்கு வந்துவிட்டது. நர்ஸிங் தொழிலை இந்தியாவுக்குக் கற்பித்த ஊர்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கற்றவர்கள் கடல் கடந்து போகிறார்கள். ஏன் போகிறார்கள் என்று கேட்பதற்குமுன், இங்கே அவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று பார்க்கவேண்டும். 2015-இல் தேர்வு வாரியம் மூலமாக எடுத்த நர்ஸுகளுக்குத் தமிழ்நாட்டுச் சர்க்கார் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரமாக்குவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறாததால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட நேர்ந்தது. சர்க்காரே இப்படியென்றால், தனியார் இல்லத்து ஆயாவின் கூலியைப் பற்றிக் கேட்பானேன்? குறைந்த கூலிக்கு வந்தவள் மூன்று மாதத்தில் வேறிடம் போவாள். எந்தக் கிழவருக்கு விழுங்க முடியாது, எவருக்கு இரவில் பயம் வரும் என்று அவள் அறிந்ததெல்லாம் அவளோடு போய்விடும்.

பணமுள்ளவர் இன்னோர் ஆளை வைத்துக்கொள்வார். சுண்ணாம்புக் குழியிலும் குரோமிலும் கை நனைத்து முப்பது வருஷம் உழைத்தவன் என்ன செய்வான்? தொழிலாளர் பென்ஷனின் குறைந்த அளவு 2014-இல் ஆயிரம் ரூபாயாக வைக்கப்பட்டது. முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இதைக்கொண்டு எந்த இல்லத்தில் நுழைய முடியும்? வீடு தேடி மருந்து கொண்டுவரும் திட்டம் 2021-இல் தொடங்கியது நல்லதே. ஆனால் அது இரவில் புரட்டிப் படுக்கவைக்க வராது. தோல் ஏற்றுமதியில் லாபம் கண்ட முதலாளிகள், இந்தக் கைகளுக்குத் தாங்கள் பட்ட கடனை நினைத்துப் பார்ப்பார்களாக.

ஒவ்வோர் இல்லத்தின் வாசலிலும் ஒரு பலகை தொங்கவேண்டும்: உள்ளே தங்கியிருப்போர் இத்தனை, பகலில் பணியாட்கள் இத்தனை, இரவில் இத்தனை, அவர்களில் பயிற்சி பெற்றோர் இத்தனை. பலகையைச் சம்பளப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கும் அதிகாரம் ஜில்லா கலெக்டரிடம் இருக்கவேண்டும்; சோதனை இரவிலும், சொல்லாமலும் நடக்கவேண்டும். பேரணாம்பட்டு நகரசபை இதைக் கோரித் தீர்மானம் நிறைவேற்ற எவருடைய உத்தரவும் தேவையில்லை. பொது வேலையில் ஈடுபட்ட நமது நண்பர்கள், தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் இனிப்புப் பெட்டியோடு இல்லங்களுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வதைக் கொஞ்சம் நிறுத்தி, ஒருநாள் முன்னறிவிப்பின்றி இரவு ஒன்பது மணிக்குப் போகட்டும். உள்ளே விட மறுத்தால் அதுவே ஒரு தகவல்தான். விட்டால், படுக்கையில் இருப்பவரின் குதிகாலைப் பார்க்கட்டும். பணியிலிருக்கும் பெண்ணிடம் அவள் வந்து எத்தனை மாதமாயிற்று என்று கேட்கட்டும்.

ஏழை முதியோருக்காக 150 பேர் தங்கும் இல்லம் எந்த ஜில்லாவில் எழுந்தாலும், அடிக்கல் நாட்ட மந்திரி வருவதற்குமுன் அந்த இல்லத்தின் வருஷாந்தரச் சம்பளத் திட்டத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும்படி கேட்கிறோம்.