இலையுண்ணும் சிறு பறவையும் கீரைப் பாத்தியும்

திருவண்ணாமலைச் சுற்றுப்புறக் கிராமங்களில் கிணற்றுப் பாசனத்தில் கீரையும் அவரையும் பயிரிடுவோர் யாவரும் சின்னான் குருவியை அறிவர். கரிய தலையில் சிறு கொண்டையும், வாலடியில் சிவப்பும் உடைய இப்பறவை இளந்தளிர்களைக் கொத்தித் தின்பதுண்டு. முற்றிய இலையை அது பெரும்பாலும் நாடுவதில்லை. இதன் காரணத்தை அறிந்தால், பறவையைக் கொல்லாமலே பயிரைக் காத்துக்கொள்ளலாம்.

இலையிலுள்ள ஒவ்வோர் உயிரணுவையும் நார்ச்சுவர் ஒன்று சூழ்ந்திருக்கிறது. சர்க்கரை, புரதம் முதலிய சத்துக்கள் அதனுள்ளே அடங்கியுள்ளன. அந்நாரைச் சிதைக்க நுண்ணுயிர்களே வல்லன. பசுவின் பெருவயிற்றில் நிகழ்வது இதுவே. தென் அமெரிக்காவிலுள்ள ஹோவட்சின் என்னும் பெரும் பறவையும் தன் தீனிப்பையில் இலையை ஊறவைத்துப் புளிக்கச் செய்கிறது. அப்பாரத்தினால் அது நன்றாகப் பறக்க இயலாது. கோழியின் இரண்டு குருட்டுக்குடல்களிலும் இத்தகைய நுண்ணுயிர்கள் உண்டு. ஆயினும் நாரில் சிறு பங்கே அங்குச் சீரணமாகும்.

சின்னானின் எடை சுமார் 40 கிராம். சிற்றுடல் விரைவில் வெப்பத்தை இழப்பதால், எடையை நோக்க அதற்கு மிகுந்த உணவு வேண்டும். இலை புளிக்கும்வரை சுமந்து பறக்கவோ, காத்திருக்கவோ அதனால் இயலாது. ஆகவே நார் குறைந்த தளிரைத் தேர்ந்து உண்டு, சாற்றின் சத்தை ஏற்றுச் சக்கையை விரைவில் கழித்துவிடுகிறது. சிலி, அர்ஜெண்டினா நாடுகளில் ஏறத்தாழ இதே எடையுள்ள இலைவெட்டிப் பறவை ஒன்று உண்டு. அதன் அலகின் விளிம்பு ரம்பம் போன்றது. இலையை நசுக்கி உயிரணுக்களை உடைப்பதால், அது இலையையே முக்கிய உணவாகக் கொண்டு வாழ்கிறது. சின்னானுக்கு அத்தகைய அலகு இல்லை. பழமும் பூச்சியுமே அதன் பிரதான உணவு.

இதனின்று பயிர்செய்வோர் அறிய வேண்டுவது யாதெனில், சேதத்திற்குரிய காலம் சிறிது என்பதே. நாற்றுப் பருவத்தில் பாத்தியின்மேல் வலையை இறுக்கமாகக் கட்டுதல் வேண்டும். தொய்ந்த வலையில் பறவைகள் சிக்கி மாளும். வலை இல்லாதவர் முட்கிளைகளைப் பரப்பலாம். இலை முற்றியபின் இக்காவல் அவ்வளவாகத் தேவைப்படாது. சங்க அங்கத்தினர் சிலர் கூடி வலை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தினால் செலவு குறையும்.

சின்னான் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளைத் தேடி ஊட்டுகிறது. ஆல், அத்தி முதலிய மரங்களின் விதைகளை மலைச்சரிவுகளிலும் பரப்புகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடுக்கிறது. சில நாள் தளிர் உண்ணும் பறவை ஆண்டு முழுவதும் செய்யும் உதவியை உழவர் மறத்தலாகாது.