பண்ணைக்குட்டை விரிப்பில் இணைப்பு வேலை

மணற்பாங்கான நிலத்தில் வெட்டிய பண்ணைக்குட்டை, மழை ஓய்ந்த சில தினங்களில் வற்றிவிடுவது நாம் அறிந்ததே. நீர் மண்ணுள் இறங்காதபடி குட்டையினுள் பாலித்தீன் விரிப்புப் போடும் முறை இன்று பரவியுள்ளது. சாதாரணமாக 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கனமுள்ள விரிப்பு இதற்கு உபயோகமாகிறது. விரிப்பின் விலையை யாவரும் விசாரிக்கிறோம். துண்டுகளை இணைக்கும் விதத்தை விசாரிப்போர் சிலரே. குட்டை நிரம்பியபின் ஓர் இணைப்பு விட்டுவிட்டால் நீர் போவதோடு நில்லாது. அடியில் மண் ஊறிக் கரையும் சரியக்கூடும்.

கூடுமானவரை இணைப்பே இல்லாதிருப்பது நலம். மேலே 20 மீட்டர், அடியில் 14 மீட்டர் சதுரமும், 2 மீட்டர் ஆழமும் உள்ள குட்டைக்குச் சரிவு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.6 மீட்டர் வரும். கரைமேல் பள்ளத்தில் புதைக்கப் பக்கத்துக்கு 1 மீட்டர் சேர்த்தால், ஏறத்தாழ 23.2 மீட்டர் சதுர விரிப்பு வேண்டும். குட்டையை வெட்டி முடித்து, அளந்து, அந்த அளவுக்கே தொழிற்சாலையில் இணைத்துத் தரும்படி கேட்பது உத்தமம்.

வயலிலேயே இணைக்க நேர்ந்தால், இணைப்பு சரிவில் மேலிருந்து கீழாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் விரிப்பின் பாரம் முழுவதும் அதை இழுக்கும். மூலைகளில் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

கடையில் கிடைக்கும் பசை எதுவும் இங்கு உதவாது. ரப்பர் விரிப்புக்கு அதற்குரிய ஒட்டுநாடா உண்டு. பாலித்தீனோ பசையை ஏற்கும் இயல்புடையதன்று. உருக்கித்தான் சேர்க்கவேண்டும். இரு துண்டுகளையும் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, ஈரமும் தூசும் அறத் துடைத்து, சூட்டு ஆப்பு இயந்திரத்தை நடுவே ஓட்டுவார்கள். முதலில் வெட்டுத்துண்டுகள் இரண்டை இணைத்து இழுத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். விரிப்பு நீண்டு கிழியலாம், இணைப்புப் பிரியலாகாது. பிரிந்தால் சூட்டையோ வேகத்தையோ திருத்தாமல் வேலையைத் தொடர அனுமதிக்கக் கூடாது.

நல்ல இயந்திரம் இரண்டு இணைகோடுகளாக உருக்கி, இடையில் சிறு வழி ஒன்றை விட்டுச் செல்லும். இந்த வழியே நமக்குச் சாட்சி. இரு முனைகளையும் அடைத்து, அழுத்தமானி பொருத்திய ஊசியால் காற்றடைத்து 5 நிமிஷம் பார்க்கவேண்டும். முள் இறங்காவிடில் இணைப்பு சரி. பின்பு மறுமுனையை வெட்டினால் காற்று சீறி வெளியேறவேண்டும். வராவிடில் வழி நடுவில் அடைபட்டிருக்கிறது, சோதனை பாதி நீளத்துக்கே நடந்தது என்று பொருள். இச்சோதனை முடியுமுன் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பில்லில் கையொப்பமிட வேண்டாம்.

குட்டையில் நீர் நின்றபின், ஒரு வாளியில் நீர் நிரப்பி, விளிம்பு மேலே இருக்கும்படி குட்டை நீரிலேயே வைத்து, இரண்டின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாட்களில், நீர் இறைக்காமல் பாருங்கள். வாளியில் குறைவது வெயில் குடித்தது. குட்டையில் அதைவிட மிகுதியாகக் குறைந்தால் கசிவு உண்டு.