அழைப்பொலியை நாமே ஆக்குதல்

மகிழ்விக்கும் ஒலி வேறு. அழைக்கும் ஒலி வேறு. முன்னது செவிக்கு விருந்து, பின்னது செய்தி. கோயில் மணி, பள்ளி மணி, ஊர்ப்பறை என்பன பின்னதன்பாற் படும். இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கிடந்து ஒலிக்கும் கைத்தொலைபேசியின் 'ரிங்டோன்' என்பதும் அவ்வினத்ததே. அதனை அழைப்பொலி என வழங்குவோம். அவ்வொலியை விலைகொடுத்து வாங்காமலும், பிறர் பாட்டை அறுத்தெடுக்காமலும், நாமே ஆக்கிக்கொள்ளும் முறையை, நீலாய் வட்டாரத் தோட்டப்புறத் தமிழரை மனத்திற்கொண்டு ஈண்டு விளக்குவாம்.

பறையும் பிரட்டும்

நம் இலக்கணம் இவ்வொலியினத்தை நன்கறியும். தொல்காப்பியர் கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்து எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பின்வந்தோர் நிலந்தோறும் வகுத்துக் காட்டினர். கேட்ட அளவில் எந்நிலம், எத்தொழில் என்பது விளங்கும். சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், முழவு வகைகளுள் 'நாண்முழவு' என ஒன்றைக் குறித்து, அது நாழிகைப்பறை என்றார். பொழுதை அறிவித்தற்கென்றே ஒரு கருவி இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் ஒலியே பொழுதை ஆண்டது. விடியுமுன் லயங்களில் உறங்கியோரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது ஓர் ஒலி. ஆனால் அவ்வொலியைத் தேர்ந்தவர் தொழிலாளர் அல்லர், தோட்ட நிர்வாகம். அழைக்கப்படுவோர்க்கு அதில் எவ்வுரிமையும் இல்லை.

இன்று நிலைமை வேறு. நீலாயைச் சூழ்ந்திருந்த ரப்பர்க் காடுகளிற் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. அண்மையிலுள்ள சிப்பாங்கில் 1998ஆம் ஆண்டு பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. நீலாயிலேயே பல்கலைக்கழகங்கள் எழுந்துள்ளன. பிரட்டுக்கு ஓடியவரின் பேரர், தம்மை எவ்வொலி அழைக்கலாம் என்பதைத் தாமே முடிவுசெய்யத்தக்க கருவியைக் கையில் வைத்திருக்கின்றனர். வைத்திருந்தும், ஆலையிலேயே ஏற்றப்பட்டு வந்த ஒலியைப் பலர் மாற்றுவதில்லை. கிடைத்த உரிமையைப் பயன்படுத்தாமை ஒரு குறையன்றோ?

ஒலி விலைப்பொருளான வரலாறு

1994இல் வெளிவந்த நோக்கியா 2110 என்னும் தொலைபேசி, ஸ்பெயின் நாட்டுக் கிதார்க் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா 1902இல் இயற்றிய 'கிரான் வால்ஸ்' என்னும் இசையிலிருந்து ஒரு சிறு துணுக்கை அழைப்பொலியாகக் கொண்டிருந்தது. தாரெகா 1909இல் மறைந்தவர். ஒரு கிதார்க் கலைஞரின் மெட்டு, அவர் கனவிலும் கருதாத வகையில், உலகெங்கும் கடைத்தெருக்களில் ஒலிக்கலாயிற்று. 1998இல் பின்லாந்து நாட்டில் அழைப்பொலிகளைத் தொலைபேசி வழியாகவே விற்கும் வாணிகம் தொடங்கிற்று. பின்னர் அது பல நாடுகளிலும் பரவியது. சில நொடி ஒலிக்கு மக்கள் காசு கொடுத்தனர். தம் கையாற் செய்யத்தக்கது அது என்பதை அறியாமையே அவ்வாணிகத்துக்கு முதலாயிற்று.

கட்டற்ற மென்பொருள்

இப்பணிக்குரிய கருவிகளுள் சிறந்தது 'ஆடாசிட்டி' என்னும் மென்பொருள். அமெரிக்காவின் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனி, ராஜர் டேனன்பர்க் என்னும் இருவர் இதனைத் தொடங்கி, 2000ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு வெளியிட்டனர். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் இது இயங்கும்.

இது விலையற்றது என்பதினும் கட்டற்றது என்பதே தக்கது. விலையின்றித் தரப்படும் பொருள் நாளை விலைக்கு வரலாம். கட்டற்ற மென்பொருளோ, பயன்படுத்தவும், அதன் உள்ளமைப்பை ஆராயவும், திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்து வழங்கவும் உரிமை தருவது. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த 'குனூ' இயக்கத்திற் பிறந்த கொள்கை இது. ஆதலின் ஓர் ஆசிரியர் தம் பள்ளிக் கணினிகள் அனைத்திலும் ஆடாசிட்டியை நிறுவுதலும் மாணவர் வீட்டிற்குக் கொடுத்தனுப்புதலும் குற்றமாகா.

செய்முறை

முதலாவது, ஒலியைப் பதிவுசெய்தல். மின்விசிறியை நிறுத்திச் சாளரத்தை மூடுக. ஒலிவாங்கி, பாடுவோர் வாய்க்கு ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். திரையில் ஒலி அலைவடிவமாகத் தோன்றும். அலையின் முகடுகள் மேல்விளிம்பைத் தொடாமல், நடுக்கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே பாதியளவில் நிற்றல் நன்று. விளிம்பைத் தொட்ட ஒலி சிதைந்துவிடும். சிதைந்ததைப் பின்னர்ச் செப்பனிடுதல் அரிது.

இரண்டாவது, வேண்டும் பகுதியை வெட்டுதல். 20 முதல் 30 நொடி போதும். அழைப்பை எடுக்கும்வரை தொலைபேசி அத்துணுக்கையே மீண்டும் மீண்டும் ஒலிக்கும். எனவே முடிவும் தொடக்கமும் பொருந்தல் வேண்டும். தாளம் அறிந்தார்க்கு இது எளிது. ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கை அரை நொடியாயின், ஓர் ஆவர்த்தனம் 4 நொடி. ஐந்து ஆவர்த்தனம் 20 நொடி. சமத்தில் தொடங்கி, அடுத்த சமத்துக்குச் சற்று முன் வெட்டினால் வட்டம் அறாது சுழலும். வெட்டும் இடத்தில் அலை நடுக்கோட்டைக் கடப்பதாக இருக்க வேண்டும். இல்லையேல் 'டிக்' என்று ஓர் ஓசை எழும். விசைப்பலகையில் 'இசட்' எழுத்தை அழுத்தினால், மென்பொருள் அவ்விடத்தைத் தானே தேடித் தரும்.

மூன்றாவது, ஒலியைத் தொலைபேசிக்கு ஏற்பப் பண்படுத்தல். பலர் தவறுவது இங்கேதான். தொலைபேசியின் ஒலிபெருக்கி மிகச் சிறியது. ஆழ்ந்த ஒலிகளை அதனால் எழுப்ப இயலாது. மனிதச் செவியோ, நொடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு கொண்ட ஒலிகளை மிகக் கூர்மையாக உணரும். ஆகவே, திருவிழாவில் நெஞ்சை அதிரவைக்கும் உருமியின் அடிக்குமுறல் தொலைபேசியில் மறைந்துபோகும். நாகசுரத்தின் கூரொலி, பறையின் மேல் விழும் குச்சியின் வீச்சு, குழந்தையின் குரல் ஆகியன தெளிவாக ஒலிக்கும். 'ஹை-பாஸ் ஃபில்டர்' என்னும் வடிகட்டியால் 200 அதிர்வுக்குக் கீழுள்ளவற்றை நீக்கி, 'நார்மலைஸ்' என்னும் கட்டளையால் எஞ்சியதை உயர்த்துக. ஒலி மெல்ல மெல்ல எழுமாறு அமைத்தல் பாட்டுக்கு அழகு, அழைப்பொலிக்குக் குறை. முதல் மூன்று நொடிக்குள் அது தன்னை இன்னதென்று அறிவித்துவிட வேண்டும்.

நான்காவது, கோப்பாக்குதல். 'சேவ்' என்னும் கட்டளை வேலைப்பகுதியை மட்டும் சேமிக்கும். அதனைத் தொலைபேசி அறியாது. 'எக்ஸ்போர்ட்' என்னும் கட்டளையால் எம்பி3 கோப்பாக வெளியேற்றுக. நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்ட 20 நொடி ஒற்றைத்தட ஒலி, சுருக்கப்படாத 'வேவ்' கோப்பாயின் ஏறத்தாழ 17 இலட்சத்து 64 ஆயிரம் பைட்டு இடங்கொள்ளும். 128 கிலோபிட்டு எம்பி3 ஆயின் 3 இலட்சத்து 20 ஆயிரம் பைட்டே.

ஐந்தாவது, தொலைபேசியில் ஏற்றுதல். ஆண்ட்ராய்டு வகையாயின், கம்பிவழிக் கணினியோடு இணைத்து, 'ரிங்டோன்ஸ்' என்னும் உறையில் கோப்பை இடுக. பின் அமைப்புகளில் ஒலிப்பகுதியைத் திறந்து தேர்க. ஐபோனுக்கு, ஆப்பிள் நிறுவனம் விலையின்றித் தரும் 'கராஜ்பேண்ட்' செயலி வழியாக ஏற்றலாம். ஒலி 30 நொடிக்கு மேற்படலாகாது. கராஜ்பேண்ட் விலையற்றதேயன்றிக் கட்டற்றதன்று என்னும் வேறுபாட்டையும் இங்கே நினைவிற் கொள்க.

இவ்வளவும் செய்தபின், தொடர்புப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனி ஒலி வைக்கலாம். தாய்க்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று. திணைக்கொரு பறை என்ற பழைய ஒழுங்கே இது. கண் மங்கிய முதியோர் திரையைப் படியாமலே அழைப்பவர் யாரென அறிவர். அழகினும் இது பெரிய பயன்.

உரிமையும் கடமையும்

திரைப்பாட்டை அறுத்து அழைப்பொலியாக்கும் பழக்கம் பரவியுள்ளது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசையை இயற்றியவரின் உரிமை அவர் வாழ்நாளும் அதன்மேல் 50 ஆண்டும் நிற்கும். ஒலிப்பதிவுக்கும் தனியே உரிமை உண்டு. ஆதலின் மாணவர்க்குக் கற்பிக்குங்கால், தாமே பாடியதையும் வாசித்ததையும் கொள்ளுமாறு பழக்குதலே முறை. பாடுபவரின் இசைவும் பெறுதல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பெரும்பேறு உண்டு. லயங்களில் வாழ்ந்து இன்று தாமான்களிற் குடியிருக்கும் பாட்டியர் நாவில் தாலாட்டும் தெம்மாங்கும் நடவுப்பாட்டும் இன்னும் உள்ளன. "பாட்டி, உங்கள் பாட்டை நாட்டார் வழக்காற்று ஆய்வுக்குப் பதிவு செய்கிறேன்" என்றால் அவர் நாணி ஒதுங்குவார். "என் தொலைபேசியில் உங்கள் குரல் ஒலிக்க வேண்டும், பாட்டி" என்று பேரப்பிள்ளை கேட்டால் மறுப்பாரோ? இருபது நொடிக்காகப் பாடத் தொடங்கியவர் இருபது நிமிடம் பாடுவார். அம்முழுப் பதிவையும் சுருக்காத 'வேவ்' கோப்பாகவே காத்து, பாடியவர் பெயர், பிறந்த தோட்டம், பதிவு நாள் ஆகியவற்றை உடன் எழுதி வைக்க. அழைப்பொலி அதிலிருந்து கிள்ளிய ஓர் இலை, மரத்தை வெட்டிவிடலாகாது.

வகுப்புக்கு ஒரு பயிற்சி போதும். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு மூத்தவர் ஒருவரின் குரலில் 20 நொடி ஒலி ஆக்கிவரட்டும். அளவு, தாளம், ஒலியியல், சட்டம், மொழி ஐந்தும் அவ்வொரு பயிற்சியில் அடங்கும். அடுத்தமுறை வீட்டில் தொலைபேசி அழைக்கும்போது, அழைக்கும் குரல் தமிழாக இருக்கும்.