கடலூர்ப் புயலுக்கு எந்தக் கணினி?

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இந்தப் பக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். அப்படியொரு புயலை முன்கூட்டிச் சொல்ல மீத்திறன் கணினி வேண்டும். எந்த மீத்திறன் கணினி என்பதில்தான் சிக்கல்.

வானிலை மாதிரி காற்று மண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறது. கட்டம் 12 கி.மீ. அகலம் என்றால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே மூன்று கட்டங்கள்தான் தேறும். 2025 மே மாதம் வந்த பாரத் முன்கணிப்பு அமைப்பில் அகலம் 6 கி.மீ. அகலம் பாதியானால் கட்டங்கள் நான்கு மடங்காகும்; கணக்கின் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக, வேலை எட்டு மடங்கு. புணேயில் இதைச் சுமக்கும் ‘அர்கா’வின் திறன் 11.77 பெட்டாஃப்ளாப். ஒரு பெட்டாஃப்ளாப் என்பது நொடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகள்.

மலைக்க வைக்கும் இந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. உலகின் முதல் 500 கணினிகளைத் தரவரிசைப்படுத்தும் லின்பேக் சோதனை, நினைவகத்திலிருந்து எடுத்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. வானிலைக் கணக்கோ ஒரு எண்ணை எடுத்துச் சில கூட்டல், பெருக்கலோடு வைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்து நிற்கிறது. நூறு சமையல்காரர்கள் இருந்தாலும் சரக்கறைக்கு ஒரே வாசல் என்றால் பந்தி தாமதமாகத்தானே செய்யும்?

இந்தக் காத்திருப்பையும் சேர்த்து அளக்க ஜாக் டொங்காராவும் மைக்கேல் ஹெரோவும் 2013இல் முன்வைத்த சோதனை எச்.பி.சி.ஜி. 2024 நவம்பர் பட்டியலைப் பாருங்கள்: லின்பேக்கில் அமெரிக்காவின் ஃபிரான்டியர் 1,353 பெட்டாஃப்ளாப், ஜப்பானின் ஃபுகாகு 442. எச்.பி.சி.ஜி.யில் ஃபிரான்டியர் 14, ஃபுகாகு 16! ஃபுகாகுவின் செயலிக்குள்ளேயே அதிவேக நினைவகம் ஒட்டியிருக்கிறது.

கணினிகளை இணைக்கும் வலையும் வேலைக்குப் பொருந்த வேண்டும். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004இல் அமைத்த ‘கப்ரு’ இதற்கு நல்ல சாட்சி. அது குவார்க் என்னும் நுண்துகள்களின் கணக்குக்காகக் கட்டப்பட்டது; அந்தக் கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிகளோடுதான் அதிகம் பேசும். அதனால் அங்கே 144 கணினிகளை, ஒவ்வொன்றும் தன் அண்டைக் கணினிகளோடு நேரே பேசும்படி முப்பரிமாண வளையமாகக் கோத்தார்கள். லின்பேக்கில் 959 கிகாஃப்ளாப் எடுத்து உலகப் பட்டியலிலும் அது ஏறியது. ஆனால் அதைக் கட்டியது பட்டியலுக்காக அல்ல.

ஆகவே வாங்கும் முன், செய்யப்போகும் கணக்கின் ஒரு சிறு துண்டையே ஓட்டிப் பார்ப்பதுதான் என் கட்சி. அண்ணாமலை நகர் மாணவர்கள் தங்கள் மடிக்கணினியிலேயே இதைத் தொடங்கலாம். நினைவகத்தின் வேகத்தை அளக்க ஜான் மெக்கால்பின் எழுதிய ‘ஸ்ட்ரீம்’ நிரல் இலவசம். ஒரு கோர், இரண்டு, நான்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் ஏறாமல் நின்றுவிடும். நினைவகத்தின் வாசல் அவ்வளவுதான்.