உதவித்தொகைக் கடிதத்தின் கடைசி வரி

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் எல்லா விண்ணப்பங்களையும் சேர்த்துவைத்து ஒரே நாளில் முடிவு சொல்வதில்லை. செப்டம்பர் வாக்கில் வாங்கத் தொடங்கி, வர வரப் படித்து, சிலருக்கு நவம்பரிலேயே இடம் தந்துவிடுவார்கள். சிலருக்கு ஏப்ரல் வரை பதிலே வராது. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் வாரத்தில்கூட அழைப்பு வருவதுண்டு. இந்த மாதங்களில் எடுக்கும் முடிவுதான் மூன்றாண்டுப் படிப்பையும் அதற்குப் பிந்தைய பல ஆண்டுக் கடனையும் தீர்மானிக்கிறது. பிள்ளை சட்டம் படிக்கப் போகிறாள் என்றதும் அங்குள்ள நம் பெற்றோர்கள் முதலில் கேட்பது, "காலேஜ் என்ன ரேங்க்?" என்றுதான். அதைவிட அவசரமாகக் கேட்க வேண்டிய கேள்வி உதவித்தொகைக் கடிதத்தின் அடியில், பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கிறது.

கடிதத்தின் மேல்பகுதி மனத்தைக் குளிர வைக்கும். வாழ்த்து இருக்கும், "ஆண்டுக்கு 30,000 டாலர், மூன்றாண்டுகளுக்கு" என்று தடித்த எழுத்தில் தொகை இருக்கும். கீழே ஒரு வரி: முதலாண்டு முடிவில் சராசரி மதிப்பெண் 3.0-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது வகுப்பின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வர வேண்டும். இளநிலைப் பட்டத்தில் 3.8 வாங்கிய பிள்ளைக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியாது. "இதுகூட வாங்க மாட்டேனா?" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

சட்டக் கல்லூரியின் மதிப்பெண் முறை வேறு. பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டுப் பாடங்களுக்கு, இத்தனை பேருக்கு ஏ, இத்தனை பேருக்கு பி என்று முன்கூட்டியே வகுத்த அளவுக்குள்தான் மதிப்பெண் போடுவார்கள். பல பாடங்களில் பருவ முடிவில் நடக்கும் ஒரே தேர்வு மொத்த மதிப்பெண்ணையும் முடிவு செய்கிறது. உடன் படிப்பவர்கள் அத்தனை பேரும் தத்தம் கல்லூரியில் நன்றாகப் படித்து வந்தவர்கள். இப்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வகுப்பில் 150 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 75 பேருக்கு, முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு உதவித்தொகை தரப்பட்டிருக்கிறது. அந்தப் பங்கில் இருப்பதே 50 இடம். எல்லோரும் இரவு பகலாகப் படித்தாலும் குறைந்தது 25 பேர் இழந்தே ஆக வேண்டும். உழைப்புக் குறைவு இதற்குக் காரணமில்லை, கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. இழந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். ஓராண்டு உழைப்பையும் கடனையும் விட்டுவிட்டு வெளியேறவும் மனம் வராது.

2011-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதை விரிவாக எழுதிய பிறகு நாடெங்கும் பேச்சு எழுந்தது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான ஏபிஏதான் அங்கே சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு. அதன் 509-ஆம் விதிப்படி, நிபந்தனையுள்ள உதவித்தொகை தரும் கல்லூரிகள் அதன் விவரத்தைப் பொதுவில் வெளியிட்டாக வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் '509 அறிக்கை' ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் வரும். அதில் ஒரு சிறிய அட்டவணையைத் தேடுங்கள். நிபந்தனையோடு சேர்ந்த மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பின்னர் தொகை குறைக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது என்று ஆண்டு வாரியாக இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், உங்கள் பிள்ளையின் கடிதத்தில் உள்ள தொகையை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். நூறு பக்க விளம்பரப் புத்தகம் சொல்லாததை அந்த இரண்டு எண்கள் சொல்லும். சேர்க்கைப் பிரிவு இதைப் பற்றித் தானாக வாய் திறக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

"கல்லூரி விதிப்படி தொடர்ந்து படிக்கத் தகுதியுடன் இருந்தால் போதும்" என்று மட்டும் கடிதம் சொன்னால் அது நிபந்தனையுள்ள உதவித்தொகையில் சேராது. அந்தத் தகுதிக்கான மதிப்பெண் பொதுவாக மிகத் தாழ்ந்தது, அநேகமாக எல்லோரும் தாண்டிவிடுவது. ஆகவே 3.0 நிபந்தனையோடு 35,000 டாலர் தரும் கல்லூரியைவிட, நிபந்தனையில்லாமல் 28,000 தரும் கல்லூரி நல்ல பேரமாக இருக்கலாம்.

அதே 509 அறிக்கையில் எத்தனை சதவீத மாணவர்கள் உதவித்தொகை பெறுகிறார்கள், நடுவில் இருப்பவர் பெறும் தொகை எவ்வளவு என்பதும் இருக்கும். உங்களுக்கு வந்தது அதைவிடக் குறைவு, மதிப்பெண்ணோ அந்தக் கல்லூரியின் சராசரிக்கு மேல் என்றால், கூட்டிக் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. இங்கேதான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல் மேலும் கேட்டால் இடத்தையே பறித்துவிடுவார்களோ என்று பயம். மரியாதையாகக் கேட்டதற்காக இடத்தைத் திரும்பப் பெறுவது அங்கே வழக்கமில்லை. பல கல்லூரிகள் மறுபரிசீலனைக்கென்றே தனிப் படிவம் வைத்திருக்கின்றன. மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். உங்கள் கல்லூரியில் சேர விருப்பம், இன்ன கல்லூரி இன்ன தொகை தந்திருக்கிறது, கடிதத்தை இணைத்திருக்கிறேன், மறுபரிசீலனை செய்ய முடியுமா என்ற நான்கு செய்தி போதும். தொகையைக் கூட்ட முடியாது என்றால் நிபந்தனையையாவது நீக்கித் தருவார்களா என்றும் கேளுங்கள். இதைப் பலரும் கேட்பதே இல்லை. எழுதுவது பிள்ளையாக இருக்க வேண்டும். அப்பா தொலைபேசியில் பேரம் பேசுவது எடுபடாது.

ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு மூன்றும் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்பத்தின் பணத் தேவையை மட்டுமே பார்த்துத் தருகின்றன. எனவே வேறொரு கல்லூரியின் தகுதி உதவித்தொகையைக் காட்டி அங்கே பேரம் பேச முடியாது. அங்கே பெற்றோரின் வருமானமும் சொத்தும் கேட்கப்படும். கேட்டால் ஊரில் உள்ள வீடு, நிலம் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். எதையும் மறைப்பது பின்னால் வினையாகும்: படிப்பு முடிந்து வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது நன்னடத்தை விசாரணை உண்டு. அப்போது சட்டக் கல்லூரிக்குத் தந்த விண்ணப்பத்தை எடுத்து ஒப்பிடுவார்கள். பழைய சிறு தவறைவிட அதை மறைத்ததுதான் பதிவுக்குத் தடையாக வந்து நிற்கும். காத்திருக்கும் மாதங்களில் புதிதாக ஏதேனும் நேர்ந்தாலும், கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கையோ போக்குவரத்து வழக்கோ, விண்ணப்பித்த இடங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று விண்ணப்ப விதியைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தேதி. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டை நடத்தும் எல்எஸ்ஏசி அமைப்பு நெடுங்காலமாகக் கல்லூரிகளுக்குச் சொல்லி வரும் நல்ல நடைமுறை ஒன்று உண்டு: ஏப்ரல் 1 வரை மாணவர் பல இடங்களின் சேர்க்கையையும் உதவியையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க விட வேண்டும். இது சட்டமில்லை, பரிந்துரைதான். ஆனால் பிப்ரவரியிலேயே முடிவு சொல் என்று ஒரு கல்லூரி நெருக்கினால், அதைச் சுட்டிக்காட்டி அவகாசம் கேட்கலாம். இதிலிருந்து விலக்கு பெறுவது முன்முடிவு விண்ணப்பம். கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று எழுதிக்கொடுப்பது அது. அப்படி எழுதிக்கொடுத்தவருக்கு மற்றக் கடிதங்களைக் காட்டிப் பேசும் பலமெல்லாம் போய்விடும். முழுக் கட்டண உதவி உறுதி என்று எழுத்தில் இருந்தாலொழிய, பணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய குடும்பம் அந்த வழியில் போகக் கூடாது என்பது என் கருத்து.

முன்பணம் கட்டுமுன் அதற்கான படிவத்தின் அடியில் உள்ள விதியைப் படியுங்கள். கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது. சில கல்லூரிகள், முன்பணம் கட்டினால் மற்ற இடங்களிலிருந்து விலகிவிட வேண்டும் என்று எழுதியிருக்கும். அதை மீறி இரண்டு இடத்தில் கட்டி வைத்திருந்தால் கல்லூரிகளுக்கு எல்எஸ்ஏசி வழியாகத் தெரிய வரும். சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட நினைப்பவர்கள், உதவித்தொகையும் கூடவே தள்ளிவருமா என்று எழுத்தில் வாங்க வேண்டும். பல இடங்களில் வராது.

இனிக் கடன். 2025 ஜூலையில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியிருக்கிறது. முன்பு 'கிராட் பிளஸ்' என்ற அரசுக் கடனில் கல்லூரி கணக்கிடும் மொத்தச் செலவு வரை வாங்க முடிந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருபவர்களுக்கு அந்தக் கடன் இல்லை. சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு. மூன்றாண்டுப் படிப்பில் அந்த 2 லட்சத்தைத் தொடவே முடியாது. இடிப்பது ஆண்டு வரம்புதான். நியூயார்க் போன்ற நகரங்களின் பெரிய கல்லூரிகளில் கட்டணம், வாடகை, சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். செலவு 1,05,000, உதவித்தொகை 20,000, அரசுக் கடன் 50,000 என்றால் 35,000 இடைவெளி. மூன்றாண்டில் அது 1,05,000 டாலர். பெற்றோர் பெயரில் வாங்கும் 'பேரன்ட் பிளஸ்' இளநிலைப் படிப்புக்கு மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த இடைவெளியைத் தனியார் வங்கிக் கடனால் நிரப்பும்போது அப்பாவோ அம்மாவோ ஜாமீன் கையெழுத்துப் போடுவார்கள். பிள்ளைக்குத்தானே என்று படிக்காமலே போடுகிறோம். அந்தக் கையெழுத்தால் முழுக் கடனும் உங்கள் கடனாகிறது. பிள்ளை தவணை தவறினால் உங்கள் கிரெடிட் மதிப்பும் விழும். அரசு அல்லது லாப நோக்கற்ற பணியில் 120 தவணை கட்டினால் மீதி தள்ளுபடியாகும் பொதுச்சேவைத் திட்டம் இந்தக் கடனுக்குக் கிடையாது. மனித உரிமை வழக்கறிஞராகவோ ஏழைகளுக்கான பொது வழக்கறிஞராகவோ வர நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு.

ஆனால் சட்டம் உங்களை வெறுங்கையோடு விடவில்லை. தனியார் கல்விக் கடன் ஒப்புதலானதும், அதை ஏற்பதா என்று யோசிக்க 30 நாள் உண்டு. சந்தை வட்டியோடு மாறும் விகிதம் தவிர, அதற்குள் கடன் கொடுப்பவர் நிபந்தனைகளை மாற்றக் கூடாது. ஏற்றுக்கொண்டு இறுதி விவரத்தாள் வந்த பிறகும், மூன்று வேலை நாளுக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம். அதுவரை பணம் பட்டுவாடா ஆகாது. "இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வட்டி போய்விடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அது பொய். அரசுக் கடனிலும் தேவைக்கு மேல் வாங்கிய தொகையை, பணம் வந்த 120 நாளுக்குள் திருப்பினால் அந்தத் தொகைக்கு வட்டி இல்லை.

நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எச்-1பி வேலை விசாவில் உள்ளவர்களின் பிள்ளைகள், அங்கேயே பள்ளி படித்து வளர்ந்திருந்தாலும், கிரீன் கார்டு வரிசை நகராவிட்டால் 21 வயதில் குடும்பத்தினருக்கான எச்-4 விசாத் தகுதியை இழக்கிறார்கள். சட்டக் கல்லூரி வயதில் அவர்கள் பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள். எச்-4, எஃப்-1 இரண்டுக்குமே அரசுக் கடன் கிடையாது. தனியார் வங்கிகளும் பெரும்பாலும் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ள ஒருவரின் ஜாமீன் கேட்கும். மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுச் செலவுக்கான பணத்தையும் காட்ட வேண்டும். இவர்களுக்குக் கல்லூரி தரும் உதவித்தொகைதான் ஒரே பெரிய ஆதாரம். ஆகவே நிபந்தனையைப் படிப்பதும் கூட்டிக் கேட்பதும் மற்றவர்களைவிட இவர்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

தவறு நடந்தால் எங்கே போவது? கல்லூரி 509 அறிக்கையில் பொய் எண்களை வெளியிட்டால் ஏபிஏவிடம் புகார் செய்யலாம். மதிப்பெண் விவரங்களைத் திரித்து வெளியிட்டதற்காக 2012-இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு ஏபிஏ 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. ஆனால் தனி மாணவரின் பணத்தை மீட்டுத் தருவது ஏபிஏவின் வேலையல்ல. கடன் நிறுவனம் ஏமாற்றினால் சிஎஃப்பிபி என்ற நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கும், உங்கள் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். 2017-இல் சார்லட் சட்டக் கல்லூரி மூடியதுபோல் படிக்கும் இடமே மூடிவிட்டால், அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களும் 180 நாளுக்குள் விலகியவர்களும் அரசுக் கடன் தள்ளுபடி கேட்கலாம். தனியார் கடனுக்கு அது பொருந்தாது. இந்தப் புகார் எதற்கும் எழுத்துச் சான்று வேண்டும். தொலைபேசியில் "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்றவரின் பேச்சு எங்கும் செல்லாது.

கையில் கடிதம் வைத்திருக்கும் பிள்ளைகளே, முன்பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியின் நிதியுதவிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த உதவித்தொகை மூன்றாண்டுக்கும் உறுதியா, நிபந்தனை எது, சென்ற ஆண்டு எத்தனை பேர் அதை இழந்தார்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.